போன் கேமராவை இயக்கும் செயலி: நாமே தயாரிக்கலாம்!

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் முதல் சில மாதங்களில் டைப் செய்யவும், இமெயில் அனுப்பவும், பாட்டு கேட்கவும் கற்றுக் கொள்கிறார்கள். அதன் பின்னர் "அடுத்து என்ன செய்யலாம்?" என்று கேட்கிறார்கள். இந்த மாதப் பாடம் அவர்களுக்காக. கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து, மொபைல் போனில் இயங்கும் ஒரு செயலியை, எல்லோரும் ஆப் என்கிறோமே அதனை, நாமே தயாரிக்கப் போகிறோம். அந்தச் செயலி போன் கேமராவைத் திறந்து படம் எடுக்க வைக்கும். எடுத்த படத்தை நினைவில் வைத்துக் கொள்ளும். கேட்கும்போது பெரிதாகக் காட்டும்.

புரோகிராமிங் தெரியாதே என்று தயங்க வேண்டாம். புரோகிராம் வரி ஒன்று கூட டைப் செய்யப் போவதில்லை. மவுஸைப் பிடித்து இழுத்து வைக்கத் தெரிந்தால் போதும். இரண்டு மணி நேரம் ஒதுக்கிக் கொள்ளுங்கள்.

எதற்காக இந்தச் செயலி?

என் அம்மாவுக்கு வயது 72. ரத்த அழுத்தத்திற்கும் சர்க்கரைக்கும் மாத்திரை சாப்பிடுகிறார். காலையில் ஒன்று, மதியம் ஒன்று, இரவில் ஒன்று. மூன்று அட்டைகளும் வெள்ளி நிறம். மருந்துக் கடையில் பத்து மாத்திரை கேட்டால் கத்தரிக்கோலால் வெட்டித் தருகிறார்கள். பெயர் இருக்கும் பக்கம் பல நேரம் கடையிலேயே தங்கிவிடும். நான் ஆபீசில் இருக்கும்போது அம்மாவிடமிருந்து போன் வரும். "ஏண்டா, இது காலைல போடுறதா, ராத்திரி போடுறதா?" போனில் நான் எப்படிப் பார்ப்பது? "சின்ன மாத்திரையா, பெரிசா? ஓரத்துல சிவப்புக் கோடு இருக்கா?" என்று கேட்டுக் கேட்டுச் சொல்வேன். ஒருநாள் இரவு மாத்திரையைக் காலையிலும் போட்டுவிட்டு, அன்று முழுவதும் தலை சுற்றிப் படுத்திருந்தார். 

அதன் பிறகுதான் இந்தச் செயலியைத் தயாரித்தேன். திரையில் காலை, மதியம், இரவு என்று மூன்று பெரிய பட்டன்கள். "இரவு" என்பதைத் தொட்டால் இரவு மாத்திரை அட்டையின் படம் திரையில் வரும். கையில் உள்ள அட்டையை அதனோடு ஒப்பிட்டுப் பார்த்துக் கொள்ளலாம். அவ்வளவுதான். கடைகளில் விற்கும் செயலிகள் போல அலங்காரம் எதுவும் இல்லை. ஆனால் எங்கள் வீட்டிற்கு எது தேவையோ அதனைச் செய்கிறது.

கேமராவும் செயலியும் பேசிக் கொள்வது எப்படி?

கம்ப்யூட்டரைத் திறக்கும் முன் ஒரு விஷயத்தைப் புரிந்து கொள்ள வேண்டும். இதில் தெளிவு கிடைத்துவிட்டால் மீதிப் பாடம் எளிது.

1997ஆம் ஆண்டு ஜூன் 11 அன்று அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் சாண்டா குரூஸ் நகர மருத்துவமனை ஒன்றில் ஃபிலிப் கான் என்ற சாஃப்ட்வேர் தொழிலதிபர் தன் மனைவியின் பிரசவத்திற்காகக் காத்திருந்தார். அவரிடம் ஒரு டிஜிட்டல் கேமராவும், ஒரு லேப்டாப் கம்ப்யூட்டரும், ஒரு மொபைல் போனும் இருந்தன. மூன்றும் தனித்தனிக் கருவிகள். காத்திருந்த நேரத்தில் மூன்றையும் ஒயரால் இணைத்து, கேமராவில் எடுக்கும் படம் லேப்டாப் வழியாகப் போனுக்குப் போய், அங்கிருந்து இன்டர்நெட்டிற்குச் செல்லும்படி புரோகிராம் எழுதினார். பிறந்த மகளின் படம் அன்றே நண்பர்கள், உறவினர்கள் சுமார் 2,000 பேருக்குப் போய்ச் சேர்ந்தது. 

இன்று அந்த மூன்று கருவிகளும் ஒரே போனுக்குள் வந்துவிட்டன. ஆனாலும் உள்ளே வேலை நடக்கும் முறை மாறவில்லை. கேமரா தனி. அதனை இயக்கும் புரோகிராம் தனி. நம் செயலி தனி. நாம் செய்யப் போவது இவற்றுக்கு இடையே ஒயர் இழுக்கும் வேலைதான்.

நம் செயலி தானாகப் படம் எடுப்பதில்லை. "ஒரு படம் எடுத்துக் கொடு" என்று போனில் ஏற்கனவே உள்ள கேமரா புரோகிராமைக் கேட்கிறது. கேட்டுவிட்டு ஒதுங்கி நிற்கிறது. நீங்கள் படத்தை எடுத்து, சரி என்ற டிக் அடையாளத்தைத் தொட்டவுடன் கேமரா புரோகிராம் நம் செயலியிடம் திரும்பி வந்து, "படம் தயார், இந்த இடத்தில் வைத்திருக்கிறேன்" என்று சொல்கிறது. அதாவது நம் கைக்கு வருவது படம் இல்லை. படம் இருக்கும் ஃபைலின் முகவரி. 

ஆக, கேட்பது ஒரு செயல். வாங்கிக் கொள்வது வேறு ஒரு செயல். இரண்டுக்கும் தனித்தனியாகக் கட்டளை தர வேண்டும். கேமரா செயலி தயாரிக்கும் புதியவர்கள் செய்யும் தவறுகளில் பெரும்பாலானவை இதனை மறப்பதால் வருபவை. "கேமரா திறக்கிறது, படம் எடுக்கிறேன், ஆனால் திரையில் ஒன்றும் வரவில்லை" என்று சொல்பவர்கள், கேட்டுவிட்டு வாங்க மறந்தவர்கள்.

தேவையானவை

இன்டர்நெட் இணைப்புள்ள கம்ப்யூட்டர், குரோம் அல்லது ஃபயர்ஃபாக்ஸ் பிரவுசர், ஒரு ஜிமெயில் அக்கவுண்ட், ஒரு ஆண்ட்ராய்ட் போன். கம்ப்யூட்டரும் போனும் வீட்டில் ஒரே வைஃபை இணைப்பில் இருப்பது நல்லது.

நாம் பயன்படுத்தப் போவது ஆப் இன்வென்டர் என்னும் இலவச புரோகிராம். அமெரிக்காவின் எம்.ஐ.டி. பேராசிரியர் ஹால் ஏபெல்சன் கூகுள் நிறுவனத்தில் பணியாற்றியபோது முன்னின்று உருவாக்கியது. கூகுள் 2010ஆம் ஆண்டு இதனை அறிவித்தது. 2011 இறுதியில் தன் சேவையை நிறுத்திக் கொண்டது. அதன் பின்னர் எம்.ஐ.டி. பொறுப்பேற்று 2012 முதல் நடத்தி வருகிறது. கம்ப்யூட்டரில் எதையும் இன்ஸ்டால் செய்ய வேண்டியதில்லை, பிரவுசரிலேயே இயங்கும். எனவே பழைய கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்களும் கவலைப்பட வேண்டாம்.

போனில் மட்டும் ஒரு சிறிய வேலை உண்டு. பிளே ஸ்டோரில் எம்.ஐ.டி. ஏ.ஐ.2 கம்பேனியன் என்று தேடி அதனை இன்ஸ்டால் செய்து கொள்ளுங்கள். நாம் கம்ப்யூட்டரில் செய்யும் ஒவ்வொரு மாற்றத்தையும் உடனுக்குடன் போனில் காட்டுவது இதுதான். 

முதல் கட்டம்: திரையை அமைத்தல்

1. கூகுள் தேடல் பெட்டியில் எம்.ஐ.டி. ஆப் இன்வென்டர் என ஆங்கிலத்தில் டைப் செய்து, கிடைக்கும் தளத்திற்குச் செல்லுங்கள். அங்கே கிரியேட் ஆப்ஸ் என்ற பட்டனில் க்ளிக் செய்து, ஜிமெயில் அக்கவுண்ட் மூலம் நுழையுங்கள்.

2. புதிய புராஜெக்ட் தொடங்கும் பட்டனில் க்ளிக் செய்யுங்கள். பெயர் கேட்கும். மருந்துப்படம் என்பதை ஆங்கில எழுத்துகளில், நடுவில் இடம் விடாமல் டைப் செய்து ஓகே கொடுங்கள். 

3. இப்போது கிடைக்கும் பக்கத்தை ஒரு முறை நன்றாகப் பாருங்கள். இடது பக்கம் பேலட். இது நம் சாமான் அலமாரி. நடுவில் போன் போன்ற ஒரு படம். அதுதான் நம் செயலியின் திரை. அதற்கு அடுத்து, நாம் எடுத்து வைத்த சாமான்களின் பட்டியல் காம்பொனென்ட்ஸ் என்ற தலைப்பில் இருக்கும். வலது ஓரத்தில் பிராபர்ட்டீஸ். தேர்ந்தெடுத்த சாமானின் அளவு, நிறம், எழுத்து ஆகியவற்றை இங்கே மாற்றலாம்.

4. பேலட்டில் யூசர் இன்டர்ஃபேஸ் பிரிவில் உள்ள பட்டன் என்பதை மவுஸால் பிடித்து இழுத்து நடுவில் உள்ள போன் திரையில் விடுங்கள். இதேபோல் மொத்தம் மூன்று பட்டன்களை ஒன்றன் கீழ் ஒன்றாக வையுங்கள். 

5. ஒவ்வொரு பட்டனையும் தேர்ந்தெடுத்து, பிராபர்ட்டீஸ் பகுதியில் டெக்ஸ்ட் என்ற கட்டத்தில் காலை, மதியம், இரவு என்று தமிழில் டைப் செய்யுங்கள். யூனிகோட் முறையில் டைப் செய்தால் தமிழ் தெளிவாகத் தெரியும். ஃபான்ட் சைஸ் 28 ஆகவும், அகலத்தைக் குறிக்கும் விட்த் என்பதை ஃபில் பேரன்ட் ஆகவும் மாற்றுங்கள். வயதானவர்கள் விரலுக்குப் பெரிய பட்டன் வேண்டும்.

6. காம்பொனென்ட்ஸ் பகுதியில் ரீநேம் வசதியைப் பயன்படுத்தி, பட்டன்களின் பெயர்களை காலை, மதியம், இரவு என ஆங்கில எழுத்துகளில் மாற்றிவிடுங்கள். இல்லையென்றால் பட்டன்1, பட்டன்2 என்று இருந்து பின்னால் குழப்பும்.

7. பட்டன்களுக்குக் கீழே, அதே பிரிவில் உள்ள லேபிள் ஒன்றை இழுத்து வையுங்கள். எந்த வேளையின் படம் திரையில் இருக்கிறது என்பதை இது காட்டும். டெக்ஸ்ட் கட்டத்தை இப்போதைக்குக் காலியாக விடுங்கள். ஃபான்ட் சைஸ் 24 போதும். அதன் கீழே இமேஜ் என்பதை வையுங்கள். அதன் அகலம், உயரம் இரண்டையும் ஃபில் பேரன்ட் ஆக்குங்கள்.

8. மீடியா பிரிவிலிருந்து கேமராவையும், ஸ்டோரேஜ் பிரிவிலிருந்து டைனிடிபி என்பதையும் இழுத்து விடுங்கள். இவை திரையில் தெரியாது. திரைக்குக் கீழே சிறிய படங்களாக நிற்கும். பயப்பட வேண்டாம். கண்ணுக்குத் தெரியாமல் வேலை செய்பவை இவை.

இரண்டாம் கட்டம்: கேட்பதும் வாங்குவதும்

பக்கத்தின் மேல் வலது மூலையில் டிசைனர், பிளாக்ஸ் என இரண்டு பட்டன்கள் உள்ளன. பிளாக்ஸ் என்பதில் க்ளிக் செய்திடுங்கள். காலியான பெரிய மேடை கிடைக்கும். செயலிக்கான கட்டளைகளை இங்கேதான் தரப் போகிறோம். குழந்தைகள் விளையாடும் இணைப்புக் கட்டைகள் போல, ஒன்றோடு ஒன்று பொருந்தும் துண்டுகளாகக் கட்டளைகள் இருக்கும். பொருந்தும்போது "டிக்" என்று சத்தம் வரும்.

இடது பக்கப் பட்டியலில் காலை பட்டனில் க்ளிக் செய்யுங்கள். "வென் காலை க்ளிக்" என்ற துண்டை மேடைக்கு இழுத்து வாருங்கள். வென் என்று தொடங்கும் துண்டு, "இது நடக்கும்போது" என்று பொருள் தருவது. அடுத்து பட்டியலில் கேமராவில் க்ளிக் செய்து, "கால் கேமரா டேக்பிக்சர்" என்ற துண்டை எடுத்து, முன்பு வைத்த துண்டின் வாய்க்குள் பொருத்துங்கள். காலை பட்டனைத் தொட்டால் கேமராவிடம் கேள் என்ற கட்டளை முடிந்தது. இது கேட்கும் பாதி.

இனி வாங்கும் பாதி. மறுபடியும் கேமராவில் க்ளிக் செய்து "வென் கேமரா ஆஃப்டர்பிக்சர்" என்ற துண்டைத் தனியாக மேடையில் வையுங்கள். படம் எடுத்து முடிந்த பின் நடக்க வேண்டியதை இதற்குள் வைக்க வேண்டும். இந்தத் துண்டில் இமேஜ் என்று ஒரு சிறு சொல் இருக்கும். கேமரா கொண்டு வந்து தரும் ஃபைல் முகவரி அதுதான். மவுஸை அதன் மேல் வைத்தால் "கெட் இமேஜ்" என்ற துண்டு கிடைக்கும். பட்டியலில் இமேஜ்1 என்பதிலிருந்து "செட் இமேஜ்1 பிக்சர் டூ" என்ற துண்டை ஆஃப்டர்பிக்சர் துண்டுக்குள் பொருத்தி, அதன் வலது முனையில் "கெட் இமேஜ்" துண்டை ஒட்டுங்கள்.

சோதித்துப் பார்க்கலாம். மேலே உள்ள கனெக்ட் மெனுவில் ஏ.ஐ. கம்பேனியன் என்பதைத் தேர்ந்தெடுங்கள். கட்டம் கட்டமாக ஒரு க்யூ.ஆர். கோடும், ஆறு எழுத்துக் குறியீடு ஒன்றும் கிடைக்கும். போனில் கம்பேனியனைத் திறந்து, அந்தக் க்யூ.ஆர். கோடை ஸ்கேன் செய்யுங்கள். சில விநாடிகளில் உங்கள் செயலி போனில் தோன்றும். காலை பட்டனைத் தொடுங்கள். கேமராவைப் பயன்படுத்த அனுமதி கேட்கும், கொடுங்கள். ஒரு படம் எடுத்து டிக் அடையாளத்தைத் தொடுங்கள். படம் உங்கள் செயலிக்குள் வந்து நிற்கும். முதல் முறை இதனைப் பார்த்தபோது அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். 

மூன்றாம் கட்டம்: நினைவில் வைத்தல்

இது பாதிச் செயலிதான். மூடிவிட்டுத் திறந்தால் திரை காலியாக இருக்கும். செயலிக்கு மறதி அதிகம். சொல்லி வைத்தால் தவிர எதையும் நினைவில் கொள்ளாது. சொல்லி வைக்கும் இடம்தான் டைனிடிபி. இதனை ஒரு சிறிய நோட்டுப் புத்தகம் என்று வைத்துக் கொள்ளுங்கள். ஒரு தலைப்பு எழுதி, அதற்கு நேராக ஒரு செய்தியை எழுதலாம். நாம் "காலை" என்ற தலைப்பில் காலை மாத்திரைப் படத்தின் முகவரியை எழுதப் போகிறோம்.

இங்கே ஒரு சிக்கல் உள்ளது. மூன்று பட்டன்களும் ஒரே கேமராவைத்தான் அழைக்கின்றன. படம் திரும்பி வரும்போது அது எந்த வேளைக்கான படம் என்று கேமராவுக்குத் தெரியாது. எனவே கேட்கும் முன்பே நாம் குறித்து வைத்துக் கொள்ள வேண்டும். இடது பக்கம் வேரியபிள்ஸ் என்பதில் க்ளிக் செய்து "இனிஷியலைஸ் குளோபல்" துண்டை எடுத்து, அதற்கு வேளை என்று ஆங்கில எழுத்தில் பெயரிடுங்கள். அதன் முனையில் டெக்ஸ்ட் பிரிவிலுள்ள வெற்றுக் கட்டம் ஒன்றை ஒட்டுங்கள்.

இதற்குள் இன்னொரு திருத்தமும் செய்துவிடுவோம். நான் முதலில் தயாரித்ததில், படம் எடுக்க ஒரு தனி பட்டன் இருந்தது. நன்றாகத்தான் இருந்தது. நான்காம் நாள் அம்மா போன் செய்து, "என்னடா, ராத்திரி மாத்திரைன்னு காத்தாடியைக் காட்டுது" என்றார். கை தவறிப் படம் எடுக்கும் பட்டனைத் தொட்டிருக்கிறார். இரவு மாத்திரைப் படம் போய், கூரை மின்விசிறியின் படம் அந்த இடத்தில் உட்கார்ந்துவிட்டது. மின்விசிறி என்பதால் தெரிந்தது. பக்கத்தில் இருந்த வேறு மாத்திரை அட்டையாக இருந்திருந்தால்? 

தவறு அம்மாவுடையது இல்லை. தினமும் மூன்று முறை செய்ய வேண்டிய வேலைக்கும், மாதம் ஒரு முறை செய்ய வேண்டிய வேலைக்கும் ஒரே மாதிரி பட்டன் வைத்த என்னுடையது. எனவே தொட்டால் படம் காட்டும். அழுத்திப் பிடித்தால் மட்டும் கேமரா திறக்கும் என்று மாற்றினேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

1. காலை பட்டனில் க்ளிக் செய்து "வென் காலை லாங்க்ளிக்" என்ற துண்டை எடுங்கள். அதற்குள் முதலில் "செட் குளோபல் வேளை டூ" என்பதை வைத்து, அதன் முனையில் ஒரு டெக்ஸ்ட் கட்டத்தை ஒட்டி, அதில் காலை என எழுதுங்கள். அதற்குக் கீழே, முன்பு க்ளிக் துண்டில் வைத்த "கால் கேமரா டேக்பிக்சர்" துண்டைக் கொண்டு வந்து வையுங்கள்.

2. ஆஃப்டர்பிக்சர் துண்டுக்குள், ஏற்கனவே உள்ளதற்கு மேலே "கால் டைனிடிபி ஸ்டோர்வேல்யூ" என்பதை வையுங்கள். அதில் டேக் என்ற இடத்தில் "கெட் குளோபல் வேளை", வேல்யூ என்ற இடத்தில் "கெட் இமேஜ்". பெயர் ஒன்று, முகவரி ஒன்று, நோட்டில் எழுதியாகிவிட்டது. அடுத்து "செட் லேபிள்1 டெக்ஸ்ட் டூ" என்பதை வைத்து, அதன் முனையில் இன்னொரு "கெட் குளோபல் வேளை" துண்டை ஒட்டுங்கள்.

3. காலியாக உள்ள "வென் காலை க்ளிக்" துண்டுக்குள் "செட் இமேஜ்1 பிக்சர் டூ" என்பதை வையுங்கள். அதன் முனையில் "கால் டைனிடிபி கெட்வேல்யூ". டேக் என்ற இடத்தில் காலை என்ற டெக்ஸ்ட். தலைப்பு இல்லாவிட்டால் என்ன தருவது என்ற இடத்தில் வெற்று டெக்ஸ்ட் கட்டம். அதன் கீழே "செட் லேபிள்1 டெக்ஸ்ட் டூ" வைத்து, காலை என்ற டெக்ஸ்டை ஒட்டுங்கள்.

4. மதியம், இரவு ஆகிய இரண்டுக்கும் 1 மற்றும் 3ஐத் திரும்பச் செய்யுங்கள். துண்டின் மேல் ரைட் க்ளிக் செய்து டூப்ளிகேட் என்பதைத் தேர்ந்தெடுத்தால் நகல் கிடைக்கும். நகலில் பட்டன் பெயரையும் உள்ளே உள்ள டெக்ஸ்டையும் மாற்ற மறக்காதீர்கள். இரவு பட்டனுக்குள் காலை என்ற சொல் தங்கிவிட்டால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். ஆஃப்டர்பிக்சர் துண்டு மட்டும் ஒன்றே போதும்.

தலைப்புச் சொல் எழுதும் இடத்திலும் தேடும் இடத்திலும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். ஒரு இடத்தில் கூடுதலாக ஒரு ஸ்பேஸ் இருந்தாலும் படம் வராது.

படம் எடுக்காமல் பாதியில் திரும்பி வந்தால் ஆஃப்டர்பிக்சர் நடக்காது. எனவே பழைய படம் பத்திரமாக இருக்கும். கேட்பதும் வாங்குவதும் தனித்தனியாக இருப்பதன் நன்மை இது.

நான்காம் கட்டம்: போனில் நிரந்தரமாக

எல்லாம் சரியாக இயங்கினால் மேலே பில்டு மெனுவில் ஆண்ட்ராய்ட் ஆப், ஏபிகே என்ற பிரிவைத் தேர்ந்தெடுங்கள். ஓரிரு நிமிடங்களில் புதிய க்யூ.ஆர். கோட் கிடைக்கும். இது இரண்டு மணி நேரத்திற்கு மட்டுமே செல்லும். போனில் ஸ்கேன் செய்து ஃபைலை இறக்கி இன்ஸ்டால் செய்யுங்கள்.

அப்போது போன் எச்சரிக்கும். பிளே ஸ்டோருக்கு வெளியிலிருந்து வரும் செயலி என்பதால் அனுமதி கேட்கும். நீங்களே தயாரித்தது என்பதால் அனுமதிக்கலாம். வேலை முடிந்ததும் அந்த அனுமதியை செட்டிங்ஸ் பகுதியில் நீக்கிவிடுங்கள். கல்யாணப் பத்திரிகை, பேங்க் அறிவிப்பு என்ற பெயர்களில் வாட்ஸ்அப்பில் வரும் ஏபிகே ஃபைல்களை எக்காரணம் கொண்டும் இன்ஸ்டால் செய்யாதீர்கள். பணம் திருடும் கும்பல்கள் பயன்படுத்தும் வழி அது.

அடுத்து புராஜெக்ட்ஸ் மெனுவில் எக்ஸ்போர்ட் என்று தொடங்கும் பிரிவின் மூலம், உங்கள் புராஜெக்ட்டை ஏ.ஐ.ஏ. ஃபைலாகக் கம்ப்யூட்டரில் சேமித்து வையுங்கள். பின்னாளில் மாற்ற உதவும்.

அனுமதி கேட்பது ஏன்?

ஆண்ட்ராய்டில் 2015இல் வந்த 6.0 பதிப்பு முதல், செயலி கேமராவை முதன்முதலாக நாடும்போது உங்களைக் கேட்கிறது. 2020இல் வந்த 11ஆம் பதிப்பு முதல், இந்த ஒரு முறை மட்டும் என்ற வசதியும் உண்டு. 2021இல் வந்த 12ஆம் பதிப்பு முதல், ஏதேனும் ஒரு செயலி கேமராவைப் பயன்படுத்தினால் திரையின் மேல் மூலையில் பச்சை அடையாளம் தோன்றும். 

நம் செயலிக்குக் கேமரா வேண்டும், கேட்கிறது. தொடர்பு எண்களைக் கேட்கவில்லை, எஸ்.எம்.எஸ். கேட்கவில்லை. நாம் அந்தத் துண்டுகளை வைக்கவில்லை என்பதே காரணம். இனிமேல் டார்ச் லைட் செயலி ஒன்று உங்கள் தொடர்பு எண்களைக் கேட்டால், "இது எதற்கு உனக்கு?" என்று உங்களுக்கே தோன்றும். ஒரு செயலியைத் தயாரித்தவருக்கு இந்தச் சந்தேகம் இயல்பாக வரும். 

வரக்கூடிய சந்தேகங்கள்

அட்டை எழுத்து மங்கலாக வருகிறதே? போனை அட்டைக்கு மிக அருகில் கொண்டு போனால் கேமராவால் ஃபோகஸ் செய்ய இயலாது. ஒரு சாண் தள்ளி வைத்து ஜூம் செய்யுங்கள். ஃப்ளாஷ் வேண்டாம், வெள்ளி அட்டையில் பட்டு எழுத்தை மறைத்துவிடும். ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி வைத்து எடுங்கள்.

படம் படுத்துக் கிடக்கிறதே? சில போன்களில் இப்படி வரும். டிசைனர் பக்கம் சென்று இமேஜ் பிராபர்ட்டீஸில் ரொட்டேஷன் ஆங்கிள் என்பதில் 90 எனக் கொடுத்துப் பாருங்கள்.

கம்பேனியனில் எடுத்த படங்கள் இன்ஸ்டால் செய்த செயலியில் இல்லையே? சோதனையின்போது எழுதியது கம்பேனியனின் நோட்டில். இன்ஸ்டால் செய்த செயலிக்குத் தனி நோட்டு. மறுபடியும் படம் எடுங்கள். அதேபோல் செயலியை நீக்கினால் அதன் நோட்டும் போய்விடும்.

ஐபோனில் முடியுமா? 2021 முதல் ஐபோனுக்கும் கம்பேனியன் கிடைக்கிறது. அதில் சோதித்துப் பார்க்கலாம். புதியவர்கள் ஆண்ட்ராய்டில் தொடங்குவது எளிது.

மற்ற செயலிகளில் கேமரா செயலிக்குள்ளேயே தெரிகிறதே? ஆம். அவை கேமரா புரோகிராமைக் கேட்காமல் கேமராவை நேரடியாகவே எடுத்துக் கொள்பவை. அதற்கு ஆண்ட்ராய்ட் ஸ்டுடியோ என்ற புரோகிராமும், காட்லின் போன்ற புரோகிராமிங் மொழியும் கற்க வேண்டும். கம்ப்யூட்டரில் குறைந்தது 8 ஜிபி ராம் தேவை. அதற்கு முன் இதனைப் பழகுங்கள்.

கடைசியாக ஒரு எச்சரிக்கை

இந்தச் செயலிக்கு மருந்து தெரியாது. படம் மட்டுமே தெரியும். டாக்டர் மாத்திரையை மாற்றினாலோ, அதே மருந்தைக் கடையில் வேறு கம்பெனி அட்டையில் கொடுத்தாலோ, அன்றே படத்தை மாற்ற வேண்டும். பழைய படம் இருப்பதை விடப் படமே இல்லாமல் இருப்பது மேல். நான் மாத்திரை வாங்கி வரும் நாளிலேயே, டாக்டர் சீட்டைப் பக்கத்தில் வைத்துக் கொண்டு, மூன்று படங்களையும் புதிதாக எடுத்துவிடுகிறேன். மாத்திரையை வெட்டிக் கொடுக்கும்போது பெயர் உள்ள பக்கத்தைக் கேட்டு வாங்குவதையும் பழக்கமாக்கிக் கொண்டேன். 

உங்கள் வீட்டில் மாத்திரை பிரச்னை இல்லாமல் இருக்கலாம். கேஸ் புத்தகம், ரேஷன் கார்டு, மின்கட்டண அட்டை என்று அடிக்கடி தேடும் மூன்று பொருள்களின் படங்களுக்கும் இதே செயலி பொருந்தும். பட்டனில் உள்ள பெயரை மாற்றினால் போதும். பயிற்சியாக இன்னொன்றும் செய்து பாருங்கள். மீடியா பிரிவில் சவுண்ட் ரெக்கார்டர் என்று ஒரு சாமான் உள்ளது. அதிலும் ஆரம்பிக்கச் சொல்லும் துண்டு தனி. "ஆஃப்டர் சவுண்ட் ரெக்கார்டட்" என்ற துண்டு தனி. படத்தோடு உங்கள் குரலையும் சேர்த்து வைக்கலாம். கேட்பதும் வாங்குவதும் புரிந்துவிட்டதால் உங்களால் முடியும்.

இப்போதும் அம்மா ஆபீஸ் நேரத்தில் போன் செய்கிறார். ஆனால் மாத்திரையைப் பற்றிக் கேட்பதில்லை. சாப்பிட்டாயா என்று கேட்கிறார்.